போர்ச்சுகலுக்கு ஒரு டைம் டேபிள்

உக்காருங்க, உக்காருங்க, தாராளமா இடம் இருக்கு. இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன். நான் காட்பாடியிலயே இறங்கிடுவேன், அப்பறம் ஜன்னல் சீட்டும் உங்களுக்குத்தான். நீங்க எதுவரைக்கும்? ஜோலார்பேட்டையா? சரி சரி.

எனக்கு இந்த ரயில் பிரயாணமே ஆகாதுங்க. தலை சுத்தும். இன்னைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமயும் சென்ட்ரலுக்கு ஓடியாந்தேன். எல்லாம் எங்க அக்காவால. எங்க அக்கா இப்ப எங்க இருக்கான்னு கேளுங்களேன். போர்ச்சுகல்ல இருக்கா.

ஆமாங்க, நாடுதான். ஸ்பெயினுக்குப் பக்கத்துல, ஐரோப்பாவோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி எனக்கும் தெரியாது. இப்ப அங்க எந்த ஊர்லேந்து எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம்னு கேட்டீங்கன்னா தூக்கத்துல கூட சொல்லுவேன். நான் போகல. சொல்ல மட்டும் செய்வேன்.

எதுக்குப் போயிருக்கான்னு கேளுங்க. அங்க நல்ல வெயிலாம். வருஷத்துல முன்னூறு நாள் வெயில் அடிக்குமாம். நான் சொன்னேன், "அக்கா, நம்ம வேலூர் ஜில்லாவுல முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும் அடிக்குது, விசாவும் கேக்க மாட்டான்." சிரிக்கக்கூட இல்ல.

எங்க அக்கா பேரு வேதவல்லி. காட்பாடி ஸ்டேஷன்ல ரிசர்வேஷன் கவுண்டர். முப்பத்திநாலு வருஷம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடியே உக்காந்து, போன வருஷம்தான் ரிட்டயர் ஆனா. கல்யாணம் ஆகல. ஏன் ஆகலன்னா, ஆகல, அவ்வளவுதான். அப்பா சீக்கிரம் போயிட்டாரு, அம்மாவுக்கு முடக்குவாதம், நான் அவளுக்குப் பதினாலு வயசு சின்னவ. யாராவது ஒருத்தர் வீட்டைப் பாத்துக்கணும் இல்லையா? அவ பாத்துக்கிட்டா. நான் படிச்சேன். அவளுக்கு அதுல ஒரு குறையும் இல்ல. இருந்தா சொல்லியிருப்பா.

ரயில்வேல வருஷா வருஷம் ஃப்ரீ பாஸ் குடுப்பாங்க, தெரியுமில்ல? காஷ்மீர் வரைக்கும் போலாம். எங்க அக்கா அதுல திருப்பதி தாண்டி போனதில்ல. முதல்ல அம்மா. அம்மா போனப்பறம் என்னோட ரெண்டு பிரசவம். அப்பறம் பெரியவளுக்கு டைபாய்டு, சின்னவளுக்கு வீசிங். எல்லாத்துக்கும் லீவு போட்டு வந்துடுவா. ஊர் சுத்தற ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாதுங்க. கேட்டதே இல்லையே.

ரிட்டயர் ஆனா. தனியா அந்த வீட்ல உக்காந்து என்ன பண்ணுவா பாவம்? மனசு கேக்கல எனக்கு. "திங்கக்கிழமை காலைல வந்துடு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் போ"ன்னு சொன்னேன். அம்பத்தூர்ல எங்க வீடு. அவளுக்கும் பொழுது போகும். காலைல டிபன், பசங்களை ஸ்கூல் வேன்ல ஏத்தறது, துணி, மதியம் சமையல், சாயந்திரம் சின்னவளுக்கு ஹோம் ஒர்க். லேசான வேலைதான். ரிட்டயர் ஆனவங்க சும்மா உக்காந்தா உடம்பு கெட்டுடும்னு டாக்டருங்களே சொல்றாங்க.

இப்படி நல்லாப் போயிட்டிருந்துச்சு. ஜனவரி மாசம், பொங்கல் முடிஞ்ச வாரம், நான் ஆபீசுக்குக் கிளம்பிட்டிருக்கேன். சமையக்கட்டுலேந்து சத்தம். எனக்கு "ஒப்பாரி"ன்னு கேட்டுச்சு. தூக்கிவாரிப் போட்டுச்சு. போய்ப் பாத்தா தோசை சுட்டுக்கிட்டே, தனியா, செவுத்தைப் பாத்து, "ஓப்ரிகாடா, ஓப்ரிகாடா"ங்கறா. "என்னக்கா?"ன்னேன். "ஒண்ணுமில்லடி"ன்னா. மறுநாள் "போம் தியா". அதுக்கு மறுநாள் தோசைக்கல்லைப் பாத்து ஏதோ கேள்வி கேக்கறா.

பயந்துட்டேங்க. அறுபது வயசு, மறதி வியாதி ஆரம்பிக்கறதே இப்படித்தான்னு நான் வேலை பாக்கற காலேஜ்ல ஒரு மேடம் சொன்னாங்க. அவங்க மாமனாருக்கு அப்படித்தான் ஆச்சாம். அன்னைக்கே நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன். அவகிட்ட கண் செக்கப்புன்னு சொல்லித்தான்.

டாக்டர் கேட்டாரு, "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" சொன்னா. "நூறுலேந்து ஏழு ஏழா கழிச்சிட்டே வாங்க." கவுண்டர்ல உக்காந்தவளாச்சே, மடமடன்னு ரெண்டு வரைக்கும் வந்துட்டா. டாக்டருக்கே மூச்சு வாங்குச்சு. "அப்பறம் எதுக்கும்மா தனியா புரியாத பாஷையில பேசறீங்க? உங்க தங்கச்சி பயப்படறாங்க." அக்கா என்னை ஒரு பார்வை பாத்தா. "அது போர்ச்சுகீஸ் டாக்டர். நன்றி, காலை வணக்கம்னு போன்ல கத்துக்கறேன். மே மாசம் அந்த ஊருக்குப் போறேன்."

டாக்டர் என்ன சொல்லணும்? "இந்த வயசுல எதுக்கும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? அந்த மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, "அப்படியா! எந்த ஊரு? எத்தனை நாளு?"ன்னு கால்மணி நேரம் பேசறாரு. வெளிய இருபது பேஷண்ட் காத்திருக்காங்க. கடைசில என்னைப் பாத்து, "உங்களுக்கு ஒருக்கா பி.பி. பாத்துடலாமா?"ங்கறாரு.

வீட்டுக்கு வந்து விசாரிச்சா, எல்லாத்துக்கும் காரணம் ஜெயசீலி டீச்சர். அக்காவுக்கு எதிர் வீடு. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, அவங்களும் தனிக்கட்டை. போர்ச்சுகல்ல ஃபாத்திமா மாதா கோயில் இருக்காம், அதைப் பாக்கணும்னு அவங்களுக்கு வேண்டுதல். சரி, அவங்களுக்கு மாதா. உனக்கு யாரு இருக்காங்கன்னு அக்காவைக் கேட்டேன்.

அவ சொன்ன பதிலைக் கேட்டா சிரிப்பீங்க. போர்ட்டோன்னு ஒரு ஊராம். அங்க ஒரு ரயில்வே ஸ்டேஷனாம். உள்ள செவுரு பூரா நீலப் பீங்கான் ஓட்டுல படம் வரைஞ்சு ஒட்டியிருக்காம். அதைப் பாக்கணுமாம்.

முப்பத்திநாலு வருஷம் ஸ்டேஷன்லயே கிடந்தவ, ஸ்டேஷனைப் பாக்க ஐரோப்பா போறா! இட்லிக் கடைக்காரன் லீவு போட்டுட்டுப் போய் இன்னொரு இட்லிக் கடையில உக்காந்த மாதிரி. சொன்னேன். "காட்பாடி ஸ்டேஷன் செவுத்துலயும்தான் படம் வரைஞ்சிருக்கான்"னேன். "அங்க எனக்கு டூட்டி இருக்குமேடி"ன்னா. ரிட்டயர் ஆனவளுக்கு என்ன டூட்டி? அப்பவே எனக்கு அவ சரியா யோசிக்கலைன்னு தோணிடுச்சு.

ஆனாலும் நான் கெட்டவ இல்லீங்க. அக்கா ஆசைப்படறா, நாமளே கூட்டிட்டுப் போயிடுவோம்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். ரெண்டு வயசான பொம்பளைங்க தனியா போய்த் திண்டாடறதுக்கு, குடும்பமா போனா அவளுக்கும் பாதுகாப்பு. பசங்களுக்கும் மே மாசம் லீவு. அவர் "அக்காகிட்ட கேட்டியா?"ன்னாரு. இதுல கேக்க என்ன இருக்கு? சந்தோஷப்பட மாட்டாளா?

நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல தேர்வுப் பிரிவுல சூப்பரின்டெண்ட். ரெண்டாயிரம் பசங்க, நாப்பது ஹால், நூத்தி இருபது சூப்பர்வைசர், எல்லாருக்கும் டைம் டேபிள் போடறது நான்தான். ஒரு மோதல் வராது. போர்ச்சுகல் எல்லாம் எனக்கு எம்மாத்திரம்? மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து போட்டேன். பத்து நாள், அஞ்சு பேர், மணிக்கு மணி, ஆளுக்கு ஒரு கலர். அக்காவுக்கு மஞ்சள்.

வடக்க போகவே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். தெற்குல நல்ல பீச், பீச்சைப் பாத்த ஓட்டல். நானும் அவரும் ஒரு நாள் படகுல குகை பாக்கப் போறோம், ஒரு நாள் மலைக்கோட்டை, ஒரு நாள் ராத்திரிச் சாப்பாடு, அதுல பாட்டெல்லாம் பாடுவாங்களாம். கல்யாணம் ஆகி பதினஞ்சு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் தனியா ஒரு காப்பி குடிச்சதில்லீங்க. அந்த நேரமெல்லாம் பசங்க அக்காகூட ரூம்ல இருக்கட்டும். டைம் டேபிள்ல "கண்காணிப்பு: அக்கா"ன்னு போட்டிருந்தேன், எங்க காலேஜ் பழக்கம். சின்னதா ஒரு மின்சாரக் குக்கர் கொண்டு போயிட்டா ரசம் சாதம் அவளே வெச்சிடுவா, அவளுக்கும் வெளிச் சாப்பாடு ஒத்துக்காது. ஜெயசீலி டீச்சரை மட்டும் சேக்க முடியல. ரூம்ல அஞ்சு கட்டில்தான். நான் என்ன பண்றது?

அக்கா அந்தப் பேப்பரைக் கையில வாங்கினா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை படிச்சா. திருப்பி முதல்லேந்து ஒரு தடவை. நான் பக்கத்துலயே நின்னுட்டிருக்கேன், கட்டிப் பிடிச்சுக்கப் போறான்னு.

"போர்ட்டோ எந்த நாள்?"ன்னா.

"அது வடக்க இருக்குக்கா. லிஸ்பன்லேந்து ரயில்லயே மூணு மணி நேரம் போகணும். பசங்களுக்கு போர் அடிக்கும்."

"ரயில்ல போகத்தாண்டி"ன்னா.

"ஸ்டேஷன்தானேக்கா, போன்ல பாத்துக்கலாம். நான் பெரிய டிவியிலயே போட்டுக் காட்டறேன்."

அவ பேப்பரை நாலா மடிச்சு என் கையில குடுத்தா. "நல்லா போட்டிருக்கே சுபா. நாலு பேருக்குக் கச்சிதமா இருக்கும்"னா. "அஞ்சு பேருக்குக்கா"ன்னேன். அவ துணி எடுக்க மாடிக்குப் போயிட்டா.

பெரியவங்க இல்லையா, ஒரு பிகு இருக்கும். சரியாயிடுவான்னு நினைச்சேன். விசாவுக்குக் குடுக்க எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கி வெச்சேன். அவளோடதும் குடுத்தா. ரெண்டு வாரம் கழிச்சு, "என் பாஸ்போர்ட்டைக் குடுடி, நானும் டீச்சரும் தனியா அப்ளை பண்றோம்"னா. "ஏஜென்ட்கிட்ட இருக்குக்கா"ன்னுட்டேன். இருந்தது என் பீரோவுலதான், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில. ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஒளிச்சு வைக்கலீங்க. பத்திரமா வெச்சேன். ஒளிக்கறதுக்கும் பத்திரமா வைக்கறதுக்கும் வித்தியாசம் இல்லையா? அவசரத்துல ஒரு முடிவு எடுத்துட்டு அப்பறம் அவதான் வருத்தப்படுவா. கொஞ்ச நாள் ஆறப் போட்டா ஆசை அடங்கிடும்னு பாத்தேன்.

ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வரேன், அக்கா இல்ல. எங்க வீட்டுக்காரர் லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்காரு, அவருக்கு வீட்லேந்துதான் வேலை. பசங்களுக்கு அவரே பஜ்ஜி வாங்கிக் குடுத்திருக்காரு. "அக்கா எங்க?" "டீச்சர்கூட விசா ஆபீசுக்குப் போயிட்டாங்க. அப்படியே ஊருக்குப் போறாங்களாம்." "பாஸ்போர்ட்?" "கேட்டாங்க, எடுத்துக் குடுத்தேன். அவங்க பாஸ்போர்ட்தானே சுபா?"

பதினஞ்சு வருஷமா அந்த மனுஷனுக்குத் தன்னோட பனியன் எங்க இருக்குன்னு தெரியாதுங்க. என் பட்டுப்புடவைக்கு அடியில இருக்கறது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

அவளுக்கும் டீச்சருக்கும் விசா வந்துடுச்சு. ஓட்டல், ரயில் டிக்கெட் எல்லாம் அவங்களே போன்ல போட்டுக்கிட்டாங்க. நாங்களா? நாங்க போகல. போயிருக்கலாம். ஆனா பசங்களை நாமளே பாத்துக்கிட்டு ஒரு ஹாலிடேன்னா, அது என்ன ஹாலிடேங்க?

இருந்தாலும் வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குப் போனேன். கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல. காலை ஃப்ளைட். ரெண்டு பேரும் ஸ்போர்ட்ஸ் ஷூ! அக்கா காலுல ஷூ நான் பாத்ததே இல்ல. புடவைக்குக் கீழ வெள்ளை ஷூ, லேஸ் வேற. டீச்சர் கழுத்துல ஜெபமாலை, அக்கா கழுத்துல பாஸ்போர்ட் பை. என்னைப் பாத்துப் பயந்துதான் கழுத்துல மாட்டிக்கிட்டாளோ என்னமோ, எனக்குத் தெரியாது.

கடைசியா ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். "அக்கா, தெரியாத ஊரு. பாஷை தெரியாத ஜனங்க. உனக்கு அங்க ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

அவ என் தோள்ல கை வெச்சா. "ஆகட்டும்டி. இங்க எதுவுமே ஆகாம எனக்கு அறுபது ஆயிடுச்சு"ன்னா. சொல்லிட்டு டிராலியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. அவ்வளவு ஜனத்துக்கு முன்னாடி நான் நின்னுக்கிட்டிருக்கேன். இதெல்லாம் ஒரு அக்கா பேசற பேச்சா, நீங்களே சொல்லுங்க. எதுவுமே ஆகலையாம். நான் இருக்கேன், என் குழந்தைங்க ரெண்டு பேர் இருக்காங்க. நாங்க எதுவுமே இல்லையா?

...தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க. இந்த வெயில் வேற.

அவ போய் இன்னைக்குப் பத்தாவது நாள். வீடு எப்படி இருக்குன்னு கேக்காதீங்க. அவர் சமைக்கறாரு. பெரியவ துணி மடிக்கறா. சின்னவ தன் தட்டைத் தானே கழுவி வெக்கறா. பாக்கவே பாவமா இருக்கு. முந்தாநாள் அந்தச் சின்னது, மித்ரா, எட்டு வயசு, சாப்பிட்டுக்கிட்டே கேக்கறா, "அம்மா, பெரியம்மாவுக்கு லீவு முடிஞ்சதும் திரும்ப நம்ம வீட்டுக்கு வேலைக்கு வருவாங்களா?"ன்னு. வேலைக்காம்! குழந்தை வாயில இதெல்லாம் தானா வருமா? அந்த டீச்சர் என்னைக்காவது போன்ல சொல்லிக் குடுத்திருக்கும். எங்க வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சு ரசம் சாதத்தைப் பெசைஞ்சுக்கிட்டே இருந்தாரு, ஒரு வார்த்தை திட்டல.

அந்த ஸ்டேஷனுக்கும் போயிட்டா. செவ்வாய்க்கிழமை வீடியோவுல வந்தா. செவுரெல்லாம் நீலமா, குதிரை, ராஜா, சண்டைன்னு படம். நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா ஸ்டேஷன் ஸ்டேஷன்தானே? டீச்சர்தான் போனைப் பிடிச்சிருக்காங்க. "உங்கக்கா ஒரு மணி நேரமா எழுந்துக்க மாட்டேங்கறா சுபா, எனக்குக் கால் வலிக்குது"ங்கறாங்க. பின்னாடி இவ ஒரு ஓரமா உக்காந்திருக்கா. கண்ணு கலங்கியிருக்கு. "ஏன்க்கா அழறே, பணம் கிணம் தொலைஞ்சுதா?"ன்னேன். "இல்லடி. ரயில் வருது, போகுது. எல்லாரும் எங்கயோ ஓடறாங்க. ஒருத்தரும் என்னை எதுவும் கேக்கல"ன்னா.

கேக்கலன்னு யாராவது அழுவாங்களா?

சரி, நடந்தது நடந்து போச்சு. ஞாயித்துக்கிழமை வந்து இறங்கறா. நான்தான் யோசிச்சேன். ஏர்போர்ட்லேந்து காட்பாடி போய், அங்கேந்து திங்கக்கிழமை காலைல திரும்ப அம்பத்தூர் வரணும்னா எவ்வளவு அலைச்சல்? அதான் அவ மாத்துத் துணியெல்லாம் நானே போய் எடுத்துட்டு வந்துட்டேன்னா, இறங்கினதும் நேரா எங்க வீட்டுக்கே வந்துடலாம். அவகிட்ட சொல்லல. சந்தோஷப்படட்டுமேன்னுதான். எட்டரைக்கு ஒரு ரயில் இருக்கு, எடுத்துக்கிட்டு அதுலயே திரும்பிடுவேன்.

இருங்க, போன். அட, அவதான்.

ஹலோ... ஆங் கேக்குது, சொல்லு... சாப்பிட்டேன். நீ?... ரயில்ல இருக்கேன்க்கா... காட்பாடிக்குத்தான்... உன் வீட்டுக்குத்தான், வேற எங்க போவேன்... இல்ல, உன் துணி எடுத்துட்டு... இல்லக்கா, நீ நேரா நம்ம வீட்டுக்கே வந்துட்டேன்னா... ஏன்?... சரி... சரிக்கா... பசங்க கேக்கறாங்களே... சரி, சரி... என்னது?... எதுக்கு?... எனக்கு என்ன களைப்பு, நல்லாத்தான் இருக்கேன்... அதெல்லாம் வேணாம், எட்டரை ரயில்ல நான்... அவர் என்ன சொல்வாரு... ம்... ம்... சரி. வெச்சிடறேன்.

ஒண்ணுமில்லீங்க. துணி எடுக்க வேணாமாம். டீச்சரோட அண்ணன் மகன் கார் கொண்டு வரானாம், நேரா காட்பாடிக்கே போறாளாம். ஜூன்லேந்து திங்கக்கிழமை வர மாட்டாளாம். மாசத்துல ஒரு நாலு நாள் வராளாம், விருந்தாளியா. சமைச்சுப் போடறியான்னு கேக்கறா. எப்படி இருக்கு கதை?

அப்பறம் இன்னொண்ணு சொல்றா. மாடி போர்ஷன்ல குடியிருக்கற அம்மாகிட்ட வீட்டுச் சாவி இருக்காம். இவ்வளவு தூரம் வந்துட்டே, ராத்திரி திரும்பாதேங்கறா. முன்ரூம்ல கட்டில்ல புது விரிப்பு போட்டிருக்காளாம். போனை அணைச்சு வெச்சுட்டு நாளைக்குப் பத்து மணி வரைக்கும் தூங்குங்கறா. "யாரும் உன்னை எழுப்ப மாட்டாங்க சுபா"ங்கறா. சின்ன வயசுல பரீட்சை முடிஞ்ச மறுநாள் இப்படித்தான் சொல்லிட்டு டூட்டிக்குப் போவா.

என்னத்தைத் தூங்கறது? இருங்க, அவருக்கு ஒரு போன் பண்ணிடறேன்.

ஏங்க, அக்கா காட்பாடியிலயே ராத்திரி தங்கிட்டு வான்னு... என்ன, உடனே சரிங்கறீங்க?... மாவு ரெண்டாவது தட்டுல இருக்கு... தெரியுமா? சரி... ஞாயித்துக்கிழமையா? ஏன், ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு?... பின்னாடி என்ன சத்தம்? பசங்களா?... சரி வெச்சிடுங்க.

பசங்க பின்னாடி கத்தறாங்க. என்னைத் தேடி அழறாங்களா, குதிக்கறாங்களா, ஒண்ணும் புரியல.

வாலாஜா ரோடு தாண்டிட்டோமா? அப்ப காட்பாடி வந்துடும். ஜன்னல் பக்கம் வந்துடுங்க நீங்க. ரொம்ப பேசிட்டேனோ? வீட்ல யாரும் கேக்கறதில்லீங்க, அதான்.

பத்து மணி வரைக்குமாம்! எனக்கு அஞ்சரைக்கெல்லாம் தானா முழிப்பு வந்துடும். அந்த வீட்ல எழுப்ப வேண்டியவங்க யாரும் இல்ல, வேன் இல்ல, டிபன் இல்ல. அஞ்சரைலேந்து பத்து வரைக்கும், நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷி என்னதான் பண்ணுவா?